எதிர்க் கட்டடத்துக்கு ரொறொன்ரோ வழியாக

அம்மா இருந்த வீட்டுக்கும் என் வீட்டுக்கும் இடையில் ஒரு புல்வெளி, ஒரு சைக்கிள் கொட்டில், நாலைந்து குப்பைத் தொட்டிகள், அவ்வளவுதான். டென்மார்க்கில், கோப்பன்ஹேகனுக்குப் பக்கத்து இஷொய்யில் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கும் இரண்டு அடுக்குமாடிக் கட்டடங்கள். அந்தப் பக்கம் அக்காவின் வீடு. அம்மா அங்கேதான் இருந்தார். இந்தப் பக்கம் நான் தனியாக. பல்கனிக்கு வந்து பலமாகத் தும்மினால் மற்றப் பக்கம் கேட்கும். ஆனால் அம்மா எனக்கு ஒரு சொல் சொல்ல வேண்டுமென்றால் அது ரொறொன்ரோவுக்குப் போய்த்தான் வந்தது.

"பிள்ளை, நீ குல்லா போடாமல் சைக்கிள் ஓடுறியாம்," என்று ஞாயிற்றுக்கிழமைகளில் கனடாவிலிருந்து சித்தி ஃபோன் எடுப்பார். சித்தி அம்மாவின் தங்கை. "அம்மா மேல நிண்டு பாத்தவவாம். காதுக்குள்ள காத்துப் போகுமாம்."

"குளிருக்குள்ள போறது நான். அவவுக்கு ஏன் காது வலிக்குது எண்டு கேளுங்கோ."

இந்தப் பதிலும் கடலைத் தாண்டிப் போய், அடுத்த ஞாயிறு திரும்பக் கடலைத் தாண்டி வந்து, புல்வெளிக்கு அந்தப் பக்கம் சேரும். குல்லாவைப் பற்றி நாங்கள் பேசி முடிக்கும்போது வசந்தமே வந்துவிடும்.

கேட்கிறவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாக இருக்கும். எனக்கு இல்லை. இதே பைத்தியக்காரத்தனத்தைப் பராமரிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.

நான் கோப்பன்ஹேகனில் ரவுட்டர்களோடு வேலை செய்கிறவள். முன்பு என்னையும் கலியாண வீடுகளுக்குக் கூப்பிட்ட காலத்தில், இதைச் சொன்னால் உடனே, "எங்கட வீட்டு வைஃபை நிண்டு நிண்டு வேலை செய்யுது, ஒருக்கா வந்து பாக்கிறியே?" என்பார்கள். வீட்டு மூலையில் பச்சை லைட்டை மினுக்கிக்கொண்டிருக்கிற அந்தப் பெட்டி எங்கள் குடும்பத்தின் கடைக்குட்டி. நான் பார்ப்பது அதன் பெரியப்பாமாரை. நீங்கள் அனுப்புகிற படம், குரல், ஒப்பாரி எல்லாவற்றையும் இயந்திரம் சின்னச் சின்னப் பொதிகளாக நறுக்கும். ஒவ்வொரு பொதியிலும் போக வேண்டிய முகவரி இருக்கும். ரவுட்டர் முகவரியைப் பார்க்கும், தன்னிடமுள்ள அட்டவணையைப் பார்க்கும், பக்கத்திலிருக்கும் இன்னொரு ரவுட்டரிடம் தள்ளிவிடும். அது தன் பக்கத்து ரவுட்டரிடம் தள்ளும். தள்ளிவிட்டபின் திரும்பிப் பார்க்காது.

எங்கோ ஒரு பெரிய வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு யாரோ வழி சொல்கிறார்கள் என்று சனம் நினைக்கிறது. மண்ணாங்கட்டி. ஒரு நிறுவனத்தின் சொந்த வேலிக்குள் வரைபடம் போல ஒன்று உண்டு, அங்கே கிட்டிய பாதையைக் கணக்குப் பார்த்து எடுப்பார்கள். வேலியைத் தாண்டிவிட்டால் எல்லாம் வாய்ச் சொல்தான். "இந்த முகவரிக்குப் போக என்னட்ட வழி இருக்கு" என்று ஒரு ரவுட்டர் பக்கத்து ரவுட்டருக்குச் சொல்லும். அது நம்பி எழுதிக்கொள்ளும். நம்பியதைத் தன் அயலுக்குச் சொல்லும். அயல் தன் அயலுக்கு. உலகம் முழுவதும் இப்படித்தான் ஓடுகிறது.

அங்கே தூரத்தை முதலில் பார்ப்பதுமில்லை. யாரோடு எங்களுக்கு ஒத்துவரும், யார் வழியாகப் போக விருப்பமில்லை என்பதைத்தான் முதலில் பார்க்கும். அந்த விருப்பத்தை எழுதி வைப்பது மனிதர்கள். கோப்பன்ஹேகனில் அடுத்தடுத்த தெருவில் இரண்டு கொம்பனிகள் இருந்தன. ஏதோ ஒரு பழைய கோபத்தில் தங்களுக்குள் ஒரு கேபிளைப் பூட்ட மாட்டோம் என்று நின்றார்கள். ஒருவர் மற்றவருக்கு அனுப்பிய பொதி ஜெர்மனிக்குப் போய்த்தான் அடுத்த தெருவுக்கு வந்தது. என்னோடு வேலை செய்யும் டெனிஷ்காரன் திரையில் அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தான். "இது என்ன கூத்து?" என்று கேட்டான். சொந்தக்காரர் என்றேன். அவனுக்கு விளங்கவில்லை. அவனுக்கு அக்கா ஒருத்தி இருக்கிறாள், நத்தார்ப் பண்டிகைக்கு மட்டும் சந்திப்பார்களாம், நல்ல ஒற்றுமையாம்.

அக்காவும் நானும் ஒரு வீட்டு அண்ணன் தம்பிமாரைக் கட்டியவர்கள். அவள் மூத்தவரை, நான் இளையவனை. நாட்டின் மற்றப் பக்கத்தில், ஜூட்லாந்தின் ஹேர்னிங்கில், தையல் தொழிற்சாலையில் நின்று எங்களை வளர்த்த அம்மாவுக்கு அது பெரிய ஆறுதல். இரண்டு பெட்டைகளும் ஒரே வீட்டுக்குப் போகிறார்கள், ஒருத்திக்கு ஒருத்தி துணை என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தார். இளையவன் அடிப்பான். வெளியில் பச்சைப் பிள்ளை மாதிரி இருப்பான், தேத்தண்ணித் தட்டத்தோடு ஓடித் திரிவான், கதவைச் சாத்தினால் அடிப்பான். பொறுத்துப் பார்த்து, ஒரு நாள் அவனுடைய உடுப்பை எல்லாம் குப்பைப் பையில் கட்டி வெளியில் வைத்துவிட்டுப் பூட்டை மாற்றினேன்.

அடுத்த நாளே அக்கா வந்தாள். இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை.

"எனக்கும்தான் இவர் அடிச்சவர்," என்றாள். "நான் விட்டுட்டுப் போனனானே? உனக்கு மட்டும் என்ன தங்கத்தில செய்த உடம்போ?"

"உன்ர உடம்பை நீ என்னவும் செய். என்ரயில கை வைக்க விடமாட்டன்."

"இனி எங்கட வீட்டுப் படி மிதிக்காதை."

அதுதான் கடைசி. அக்காவைச் சொல்லி என்ன, நான் பூட்டை மாற்றியதோடு அவள் அத்தனை வருடம் பொறுத்ததெல்லாம் விசர்த்தனம் என்று ஆகிவிட்டது. அதற்காக அவள் என்னை எப்படி மன்னிப்பாள்? அவன் போய் அவர்கள் வீட்டில் ஞாயிறு ஞாயிறு சாப்பிடத் தொடங்கினான். அம்மாவும் அந்த வீட்டில்தான் இருந்தார். அம்மாவுக்கென்று ஃபோன் இருந்ததில்லை. நான் ஒரு முறை போய் மணி அடித்தேன். அத்தான் கதவை ஒரு சாண் திறந்து, "மாமிக்கு உங்களோட கதைக்க விருப்பமில்லையாம்" என்றார். உள்ளே அம்மா இருமுகிற சத்தம் கேட்டது. கதவு சாத்தப்பட்டது.

அதன் பிறகுதான் ரொறொன்ரோப் பாதை வந்தது. ஞாயிற்றுக்கிழமை அக்காவின் டப்லெட் திரையில் அம்மா தன் தங்கையோடு கதைப்பார். அக்கா குசினியில் நிற்கிற நேரம் பார்த்து எனக்கானதைச் சொல்லிவிடுவார்.

வேறொன்றும் இருந்தது. அருகருகே இணைத்த ரவுட்டர்கள் இரண்டு அடிக்கடி ஒன்றுக்கொன்று ஒரு சின்னப் பொதி அனுப்பிக்கொள்ளும். அதில் செய்தி ஒன்றும் கிடையாது. இருக்கிறாயா, இருக்கிறேன், அவ்வளவுதான். அது கொஞ்ச நேரம் வராமல் போனால் அந்தப் பக்கம் செத்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு, அந்த வழியை அட்டவணையிலிருந்து அழித்துவிடும். நானும் அம்மாவும் அப்படி ஒன்று வைத்திருந்தோம். வேலையால் வந்து தேத்தண்ணிக் கோப்பையோடு பல்கனிக்குப் போவேன். அம்மா அங்கே நிற்பார். நான் கையைக் கொஞ்சம் உயர்த்துவேன். அவர் தலைமயிரைச் சரி செய்கிற மாதிரித் தன் கையை உயர்த்துவார். இதற்காகத்தான் நான் அந்த வீட்டை விட்டுப் போகவில்லை. போனால் நிம்மதியாக இருக்கலாம் என்று எனக்குத் தெரியாமலில்லை.

வசந்த காலத்தில் ஒரு கிழமை முழுதும் அம்மா பல்கனிக்கு வரவில்லை. சித்தியைக் கேட்டேன்.

"கொஞ்சம் ஏலாதாம் பிள்ளை. படுத்திருக்கிறாவாம். இப்ப என்னோடயும் கதைக்கிறேல்லை. அக்கா டப்லெட்டைக் குடுக்கிறாளில்லை. ஹேர்னிங் அண்ணை போய்ப் பாத்திட்டு வந்து சொன்னவன்."

ஹேர்னிங் அண்ணை என்பது பெரியம்மாவின் மகன். கார் வைத்திருக்கிறவர், நல்லது கெட்டதுக்கு எல்லா வீட்டுக்கும் ஓடுகிறவர், ஒருத்தரையும் பகைக்காதவர். ஒருத்தரையும் பகைக்காதவர்களைப் போல ஆபத்தானவர்கள் இல்லை. அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

"சித்தி, நான் போய்ப் பாக்கட்டோ எண்டு கேளுங்கோ," என்றேன்.

கேட்டார். சித்தி அண்ணையைக் கேட்க, அண்ணை அக்காவைக் கேட்க, பதில் அதே வழியால் திரும்பி வந்தது. "இப்ப வேண்டாமாம் பிள்ளை. அம்மாவுக்கு ஆக்களைக் கண்டால் களைக்குதாம். தேவையெண்டால் கூப்பிடுவினமாம்."

என் டெனிஷ்காரன், "மணியை அடித்து உள்ளே போக வேண்டியதுதானே?" என்றான். அவர்களுக்கு எல்லா வழியும் சைக்கிள் பாதை மாதிரி, கோடு போட்டு நேராக இருக்க வேண்டும். அத்தான் கதவைச் சாத்திய சத்தம் அவன் காதில் இல்லை. படி மிதிக்காதே என்றவள் வாயால் வா என்று வர வேண்டும், அல்லது அம்மா வாயால் வர வேண்டும். வந்தால் செருப்புப் போடாமல் ஓடியிருப்பேன். அந்த ஒரு சொல்லுக்குத்தான் காத்துக்கொண்டிருந்தேன்.

அம்மாவின் கட்டிலைப் பல்கனிக் கண்ணாடிக்குப் பக்கத்தில் போட்டிருந்தார்கள். ஏற்றி இறக்கக்கூடிய கட்டில், கொமூன என்கிற நகரசபை கொடுத்தது. அதன் தலைமாட்டுக் கம்பி இங்கிருந்தே தெரியும். அம்மாவைத் தெரியாது, கண்ணாடியில் வானம்தான் அடிக்கும். என்றாலும் நான் தினமும் கோப்பையோடு போய் நின்று கையை உயர்த்தினேன். உள்ளே இருக்கிறவருக்கு என்னைத் தெரியும்தானே.

ஒரு நாள் வேலையால் வந்து பார்த்தால் திரை இழுத்து மூடியிருந்தது. அடுத்த நாளும் மூடித்தான் இருந்தது. அதற்கடுத்த நாளும். எனக்கு உச்சந்தலை கொதித்தது. அக்காவின் வேலை. கண்ணால் பார்ப்பதையும் பொறுக்க முடியாத சனியன். படுக்கையில் கிடக்கிற மனுசிக்கு வெளிச்சத்தையும் மறைத்து என்னைப் பழி வாங்குகிறாள். நன்றாக இருக்கட்டும் என்று திட்டித் தீர்த்தேன். மூடிய திரைக்குக் கையை உயர்த்த நான் என்ன விசரியா? பிறகு நான் பல்கனிக்குப் போகவில்லை.

ஜூன் கடைசி. உயர்தரம் முடித்த பிள்ளைகள் வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு லொறிகளில் ஹோர்ன் அடித்தபடி வீடு வீடாகப் போகிற காலம். அக்காவின் மகளும் அந்த வருடம் முடித்தவள். அவளை வெள்ளைத் தொப்பியோடு சைக்கிள் கொட்டிலில் கண்டேன். சிரிக்க வந்தவள், மேலே தன் வீட்டு ஜன்னலைப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள்.

அந்தக் கிழமை சனிக்கிழமை மத்தியானம் அக்கா வீட்டுக் கீழே கார்கள் வரத் தொடங்கின. ஹேர்னிங் அண்ணையின் காரும் நின்றது. மடக்குக் கதிரைகள் இறக்கினார்கள். பெண்கள் துவாயில் சுற்றிய சட்டிகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்கள். ஓகோ, பெட்டைக்குப் பார்ட்டி. ஜூட்லாந்திலிருந்து ஆட்களைக் கூப்பிட முடிகிறது, எதிர்வீட்டில் இருக்கும் சொந்தச் சின்னம்மாவைக் கூப்பிட முடியவில்லை. அம்மா படுக்கையில் கிடக்கக் கொண்டாட்டம் வேறு.

எங்கள் ஆட்களிடம் ஒரு முறை இருக்கிறது. நல்லதுக்குக் கூப்பிடாமல் போகக்கூடாது. கெட்டதுக்குக் கூப்பிடும் வரை நிற்கக்கூடாது, கேள்விப்பட்டதும் போய்விட வேண்டும். நான் பார்த்தது நல்லது. கூப்பிடவில்லை. ஆகவே போகவில்லை.

சும்மாவும் இருக்கவில்லை. எனக்குக் கோபம் வந்தால் சமைப்பேன். குளிர்ப்பெட்டியில் ஆட்டிறைச்சி இருந்தது. வெங்காயத்தை அள்ளிப் போட்டு, ஊர்த் தூளைக் கொட்டி, கறுவா, ஏலம், பெருஞ்சீரகம் எல்லாம் போட்டுக் காய்ச்சினேன். அவர்களுடைய சோற்றை விட என் கறி மணக்கட்டும், என்னைக் கூப்பிடாத வாய்களில் எச்சில் ஊறட்டும் என்று குசினி ஜன்னலையும் பல்கனிக் கதவையும் அகலத் திறந்துவிட்டேன். காற்றும் அந்தப் பக்கம்தான் அடித்தது. கீழே கார் பூட்டிக்கொண்டு நின்ற இரண்டு பெண்கள் நிமிர்ந்து என் ஜன்னலைப் பார்த்தார்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு ஏதோ பேசினார்கள். எனக்குப் பரம திருப்தி. இருந்து வயிறு முட்டச் சாப்பிட்டேன்.

அடுத்த நாள் காலை உடுப்புத் தோய்க்கப் போனேன். இரண்டு கட்டடத்துக்கும் பொதுவாக ஒரு தோய்க்கும் அறை நிலத்துக்குக் கீழே இருக்கிறது. உள்ளே அக்காவின் மகள் வெள்ளை விரிப்புகளை மெசினுக்குள் அமத்திக்கொண்டிருந்தாள். கண் வீங்கியிருந்தது.

"என்ன, பார்ட்டி எல்லாம் முடிஞ்சுதோ?" என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். இங்கே பிறந்தவள், எது கேட்டாலும் டெனிஷில்தான் பதில் சொல்லுவாள். டெனிஷில் சொன்னாள்: "மொர்மொர் வெள்ளிக்கிழமை செத்துவிட்டா. அது உங்களுக்குத் தெரியும்தானே." மொர்மொர் என்றால் அம்மாவின் அம்மா.

அவள் மெசினைத் தட்டிவிட்டு மேலே போய்விட்டாள். விரிப்புகள் சுற்றத் தொடங்கின. அப்போதுதான் சட்டிகள் நினைவுக்கு வந்தன. செத்த வீட்டில் அடுப்பு எரியாது. அதனால் சோறு வெளியிலிருந்து உள்ளே போகும். ஒவ்வொருத்தியும் ஒரு சட்டி தூக்கிக்கொண்டு உள்ளே போவதை நின்று பார்த்துக்கொண்டு நான் இறைச்சி காய்ச்சியிருக்கிறேன். அம்மா செத்த வீட்டுக்குள் என் இறைச்சிக் கறி மணம் போயிருக்கிறது.

வீட்டுக்கு வந்து கட்டிலில் இருந்தேன். பிறகு எனக்குத் தெரிந்த வேலையைச் செய்தேன்.

ஒரு பொதி போய்ச் சேரவில்லை என்றால் அது எங்கே செத்தது என்று கண்டுபிடிக்க ஒரு முறை உண்டு. ஒவ்வொரு பொதிக்கும் ஆயுள் எண் ஒன்று எழுதி விடுவோம். கடந்து போகும் ஒவ்வொரு ரவுட்டரும் அதில் ஒன்றைக் கழிக்கும். பூச்சியமானால் அந்த இடத்தில் தூக்கி எறிந்துவிடும், எறிந்ததை அனுப்பியவனுக்கு அறிவிக்கும். ஆகவே முதலில் ஆயுள் ஒன்று போட்டு அனுப்புவோம், முதல் ரவுட்டரில் சாகும். பிறகு இரண்டு போட்டு, பிறகு மூன்று போட்டு. ஒவ்வொன்றும் செத்துச் செத்து வழியைச் சொல்லித்தரும். அப்படித்தான் ஒவ்வொருத்தராக ஃபோன் எடுத்தேன்.

முதலில் சித்தி. எடுத்ததும் அழத் தொடங்கினார்.

"அழுகையை விடுங்கோ சித்தி. எனக்கேன் சொல்லேல்லை?"

"தனிய இருக்கிற பிள்ளைக்கு ஃபோனில இப்பிடி விசயம் சொல்லக்கூடாதெல்லே. கேட்டு நீ விழுந்து கிழுந்து போனால் பிடிக்கவும் ஆளில்லை. அண்ணை பக்கத்தில நிக்கிறான், அவன் நேர வந்து சொல்லுவான் எண்டு இருந்தன்."

"அம்மா ஏதும் கேட்டவவோ?"

"உன்னை வரச்சொல்லிக் கேட்டவவாம். கன நாளா. அதுவும் அண்ணைக்குத்தான் தெரியும்."

அண்ணை மூன்றாம் முறைதான் எடுத்தார். குரலைத் தாழ்த்திக் கதைத்தார், பக்கத்தில் ஆட்கள் போலும்.

"ஓம் பிள்ளை. போனபோதெல்லாம் சின்னவளை வரச்சொல்லு, சின்னவளை வரச்சொல்லு எண்டு என்ர கையைப் பிடிச்சவ. நான் உடனே அக்காட்ட சொன்னன். தான் சொல்லிவிடுறன் எண்டவள். பிறகு கேக்க, சொல்லிப்போட்டன், அவள் வரமாட்டாளாம் எண்டவள்."

"புல்லைக் கடந்து வந்து என்ர மணியை அடிச்சிருக்கலாமே அண்ணை?"

"அந்த வீட்டில சோறு திண்டிட்டு, அவையைத் தாண்டி உன்னட்ட வாறது முறையில்லையெல்லே. அக்கா மனம் நோவாள்."

"நேற்று?"

"நேற்றும் உனக்கு அறிவிச்சாச்சு எண்டுதான் சொன்னவள். பிறகு நீ..." என்று இழுத்தார். "மணம் வந்ததெல்லே பிள்ளை. ஆக்கள் ஒரு மாதிரிக் கதைச்சவை."

எங்கள் தொழிலில் கருந்துளை என்று ஒன்று சொல்லுவோம். அந்த முகவரிக்குப் போக என்னிடம்தான் நல்ல வழி இருக்கிறது என்று ஒரு ரவுட்டர் அறிவிக்கும். அயலெல்லாம் நம்பித் தங்கள் பொதிகளை அதனிடம் கொடுக்கும். அது வாங்கும், ஒன்றையும் அனுப்பாது, ஒன்றையும் திருப்பிச் சொல்லாது. மற்றவை எல்லாம் தங்கள் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருக்கும். பார்க்கிறவனுக்கு ஒரு பழுதும் தெரியாது. சித்தி ஒழுங்காக இருந்தார், அண்ணை முறையாக இருந்தார். அம்மாவின் சொல் என்னிடம் வரவில்லை.

குளித்துவிட்டு வெள்ளைச் சீலை கட்டிக்கொண்டு புல்வெளியைக் கடந்தேன். செத்த வீட்டுக் கதவை யாருக்கும் சாத்த முடியாது. அத்தான் வாசலில் நின்றார், விலகினார். அம்மாவின் உடல் ஆஸ்பத்திரியில்தான் இருந்தது. கூடத்தில் படமும் விளக்கும் வைத்திருந்தார்கள். நிலத்தில் விரித்திருந்த விரிப்பில் பெண்கள் இருந்தார்கள். நான் உள்ளே வந்ததும் கதை நின்றது. பின்னாலிருந்து ஒரு கிழவி, எனக்குக் கேட்க வேண்டுமென்றே, "பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு" என்றாள். இன்னொருத்தி தலையை ஆட்டினாள்.

அவனும் அங்கே நின்றான். என் பழைய புருசன். தட்டத்தில் கடதாசிக் கோப்பைகளை அடுக்கிக்கொண்டு ஒவ்வொருவராகக் குனிந்து தேத்தண்ணி கொடுத்துக்கொண்டு வந்தான். என்னிடமும் நீட்டினான். "பாவம், தங்கமான மனுசன்" என்று யாரோ சொன்னார்கள்.

அக்கா படத்துக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்திருந்தாள். நான் முன்னால் போய் நின்றேன்.

"இறைச்சி செமிச்சிட்டுதோ?" என்றாள்.

"அம்மாவுக்கு என்ன சொன்னனீ?"

அவள் விளக்குத் திரியைத் தூண்டிவிட்டாள்.

"என்னைக் கேட்ட மனுசிக்கு என்னடி சொன்னனீ?"

"நீ வரமாட்டாய் எண்டு சொன்னன். என்ன பொய்யே? எந்த நாள் வந்தனீ?"

என் கை உயர்ந்தது. ஆட்கள் எல்லாரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா முகத்தை நகர்த்தவில்லை, அடி வாங்கிப் பழகிய முகம். நான் கையை இறக்கிவிட்டு அம்மாவின் அறைக்குள் போனேன்.

கொமூனக் கட்டில் விரிப்பில்லாமல் கிடந்தது. அக்காவின் மகள் அதன் ஓரத்தில் இருந்தாள். திரை இன்னும் மூடித்தான் இருந்தது. போய் அதைப் பிடித்துச் சர்ரென்று இழுத்துத் திறந்தேன். நேரே என் பல்கனி. என் கதிரை, நான் கோப்பை வைக்கும் விளிம்பு, எல்லாம் கைக்கெட்டும் தூரம் போலத் தெரிந்தன.

"இதையும் மூடிப்போட்டாளே உன்ர அம்மா," என்றேன். "பாத்துக்கொண்டாவது கிடந்திருப்பா."

அவள் இல்லையென்று தலையாட்டினாள். "அம்மா இல்லை," என்றாள் டெனிஷில். "மூடியது நான். மொர்மொர் மூடச் சொன்னா."

நான் திரும்பினேன். அவள் என்னைப் பார்க்காமல் சொன்னாள். நான் கோப்பையோடு வருகிற நேரம் மொர்மொருக்குத் தெரியுமாம், அதற்கு முன்னமே தலையணையை உயர்த்தச் சொல்லுவாவாம். நான் கை உயர்த்தினால் தானும் உயர்த்துவாவாம், விரிப்புக்கு மேலே கொஞ்சம்தான் வருமாம். நான் வரமாட்டேன் என்று சொன்னதாகத் தன் அம்மா வந்து மொர்மொருக்குச் சொன்ன அன்றும் நான் வந்து நின்றேனாம். கையை உயர்த்தினேனாம்.

"அப்ப அம்மம்மா என்ன சொன்னவ?"

அதை மட்டும் அவள் தமிழில் சொன்னாள். எழுத்து எழுத்தாகப் பாடமாக்கியது போல, என் அம்மாவின் குரலிலேயே சொன்னாள்.

"வரமாட்டாள் எண்டால் பிறகென்னத்துக்குக் கையைக் காட்டுறாள். மூடு பிள்ளை."

நான் திரையைப் பிடித்தபடி நின்றேன். வெளியே கூடத்தில் அவன் யாரையோ இன்னும் கொஞ்சம் தேத்தண்ணி வேணுமோ என்று கேட்டுக்கொண்டிருந்தான்.